‘ஹிட்’ என்றால் ‘அடி’ மட்டும்தானா? ஆங்கிலம் புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பைக்கில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஓர் இளைஞரைப் பின்னால் வந்த லாரி இடித்துவிட்டது. நல்லவேளை, முழங்காலில் சிராய்ப்போடு போயிற்று. வண்டிக்குக் காப்பீட்டுத் தொகை கேட்டு அவர் ஆங்கிலத்தில் ஒரு படிவம் நிரப்பினார். ‘என் பைக்கை லாரி இடித்தது’ என்பதை மனதில் வைத்துக்கொண்டு, அதே வரிசையில் எழுதினார்: ‘மை பைக் ஹிட் த லாரி.’ படிப்பவருக்கு அதன் பொருள் ஒன்றுதான்: இவருடைய பைக் போய் லாரியை இடித்திருக்கிறது. அதைத் திருத்த அவர் மூன்று முறை அலைந்தார். வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலையில் நான் நடத்தும் ஆங்கில வகுப்பில் அவர் வந்து சேர்ந்தது அதற்கு அப்புறம்தான்.

அன்றிலிருந்து ‘ஹிட்’ என்ற ஒரு வினைச்சொல்லுக்கு ஒரு முழு மாலையை ஒதுக்குகிறேன். மூன்றே எழுத்து. சினிமா, கிரிக்கெட் புண்ணியத்தில் எல்லோருக்கும் தெரிந்த சொல். தெரிந்த சொல் என்பதாலேயே யாரும் அதை நின்று பார்ப்பதில்லை. வகுப்பில் நான் சொல்லிக்கொடுக்கும் அதே வரிசையில் இங்கே தருகிறேன். ஒரே மூச்சில் படிக்க வேண்டாம். நாளுக்கு ஒரு படி போதும்.

படி 1: வாயில் சரியாக வரட்டும்

‘ஹிட்’ குறில். கொஞ்சம் நீட்டினால் ‘ஹீட்’ ஆகி, சூடு என்று பொருள் மாறிவிடும். முதலில் வரும் மூச்சை விட்டுவிட்டால் ‘இட்’ ஆகிவிடும்; அது ‘அது’. கடைசியில் ‘ஹிட்டு’ என்று உகரம் சேர்க்காமல் நிறுத்திப் பழகுங்கள். தமிழ் ‘ட்’டுக்கு நாக்கை மடித்து அண்ணத்தைத் தொடுகிறோம். ஆங்கிலத்தில் நாக்கை மடிக்காமல், மேல் பல்லுக்குச் சற்றுப் பின்னால் நுனியால் தொட்டால் போதும். ‘ஐ ஹிட் இட்’ என்று பத்து முறை சொல்லிப் பாருங்கள், மூன்று சொல்லும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

வடிவம் எளிது. நிகழ்காலம், இறந்தகாலம், முற்றுவடிவம் (‘ஹேவ்’, ‘வாஸ்’ இவற்றுக்குப் பின்னால் வருவது) மூன்றும் ‘ஹிட்’தான். ‘ஹிட்டட்’ என்று ஒரு சொல்லே கிடையாது. ‘கட்’, ‘புட்’, ‘ஷட்’, ‘ஹர்ட்’, ‘காஸ்ட்’ எல்லாம் இதே கூட்டம். ‘ஹிட்டிங்’ எழுதும்போது மட்டும் டீ என்ற எழுத்து இரட்டிக்கும்.

அப்படியானால் காலத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? ‘ஹி’, ‘ஷி’, ‘இட்’ இவற்றுக்குப் பின்னால் ‘ஹிட்ஸ்’ என்று வந்தால் நிகழ்காலம், வெறும் ‘ஹிட்’ என்று வந்தால் இறந்தகாலம். ‘ஹி ஹிட்ஸ் த பால்’ என்றால் அடிப்பது வழக்கம். ‘ஹி ஹிட் த பால்’ என்றால் அடித்தான். ‘ஐ’, ‘யூ’, ‘தே’ வந்தால் இந்த உதவி கிடைக்காது. அங்கே ‘எஸ்டர்டே’, ‘எவ்ரி டே’ மாதிரி பக்கத்தில் நிற்கும் சொல்லைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

படி 2: ‘அடி’யை விடுங்கள், ‘படு’வைப் பிடியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியுமென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். ‘ஹிட்’டுக்கு அகராதி முதலில் தரும் பொருள் ‘அடி’. அதை மனப்பாடம் செய்தவர்கள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். ‘அடி’ என்றவுடன் நமக்கு ஓங்கிய கை தெரிகிறது. ‘ஹிட்’டில் கை முக்கியமில்லை; ஒன்று போய் இன்னொன்றின் மேல் படுகிறது, அல்லது ஓர் இடத்தைப் போய்த் தொடுகிறது. அதுதான் முக்கியம்.

சொல்லின் வரலாறும் இதையே காட்டுகிறது. ‘ஹிட்’ ஆங்கிலத்தின் பூர்விகச் சொல் அல்ல. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வைக்கிங்குகள் இங்கிலாந்தில் குடியேறியபோது அவர்களின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. அங்கே ‘ஹிட்டா’ என்றால் எதிர்ப்படு, சந்தி, கண்டடை. இன்றைக்கும் சுவீடிஷ் மொழியில் ‘ஹிட்டா’ என்றால் கண்டுபிடி என்றுதான் பொருள். அடித்தல் என்பதற்கு அதுவரை ஆங்கிலத்தில் இருந்த பழைய சொல்லின் வழிவந்ததுதான் இன்றைய ‘ஸ்லே’. அது கொல்லுதல் என்று பொருள் மாறி ஒதுங்கிவிட்டது. வந்த சொல் அதன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. ஆனால் தன்னுடைய பழைய ‘எதிர்ப்படு’ பொருளை அது முழுக்க விட்டுவிடவில்லை. ‘ஷி ஹிட் ஆன் அன் ஐடியா’ என்றால் அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. யாரும் யாரையும் அடிக்கவில்லை; ஒரு யோசனை எதிர்ப்பட்டது.

தமிழில் இதற்கு நெருக்கமாக இருப்பது ‘படு’ என்ற வினை. பந்து ஜன்னலில் பட்டது, கல் காலில் பட்டது, கண்ணில் பட்டது, மனதில் பட்டது. ஆங்கிலத்தில் ‘ஹிட்’ ஏறக்குறைய இதே பாதையில்தான் போகிறது. ‘இட் ஹிட் மீ தட் ஐ வாஸ் அலோன்’ என்றால், நான் தனியாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு ‘ஹிட்’ வாக்கியம் புரியவில்லையா? அந்த இடத்தில் ‘போய்ப் பட்டது’ அல்லது ‘போய்த் தொட்டது’ என்று வைத்துப் பாருங்கள். பத்துக்கு எட்டு இடத்தில் கதவு திறந்துகொள்ளும்.

படி 3: முன்னால் யார், பின்னால் யார்

இனி அந்த பைக், லாரிக்கு வருவோம். தமிழில் ‘என் பைக்கை லாரி இடித்தது’ என்றாலும் ‘லாரி என் பைக்கை இடித்தது’ என்றாலும் செய்தி ஒன்றுதான். ‘ஐ’ என்ற வேற்றுமை உருபு பைக்கோடு ஒட்டிக்கொண்டு, இடி வாங்கியது யார் என்று சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த உருபு இல்லை. நிற்கும் இடம்தான் உருபு. ‘ஹிட்’டுக்கு முன்னால் நிற்பது போய் இடித்தது, பின்னால் நிற்பது இடி வாங்கியது. ‘எ லாரி ஹிட் மை பைக்’ என்றால் தவறு லாரிமேல். மாற்றிப் போட்டால் தவறு உங்கள்மேல். காவல் நிலையம், காப்பீடு, மருத்துவமனை, வெளிநாட்டு வேலை என்று எங்கே எழுதினாலும், கையெழுத்துப் போடும் முன் இந்த ஒரு வரியைத் திரும்பப் படியுங்கள்.

இடி வாங்கியவரை முன்னால் வைத்துச் சொல்ல வேண்டுமென்றால் ‘வாஸ் ஹிட் பை’ என்று வர வேண்டும்: ‘மை பைக் வாஸ் ஹிட் பை எ லாரி.’ பேச்சில் ‘காட் ஹிட் பை’ என்றும் சொல்வார்கள்.

அடுத்தது, நம்மவர்கள் எல்லோரும் செய்யும் ஒரு பிழை. தமிழில் பந்து ஜன்னலில் பட்டது, கார் மரத்தின்மேல் மோதியது, பஸ் சுவரோடு உரசியது. ‘இல்’, ‘மேல்’, ‘ஓடு’ என்று ஏதோ ஒன்று எப்போதும் கூடவே வருகிறது. அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்திலும் ‘ஆன்’, ‘அட்’, ‘வித்’ என்று செருகிவிடுகிறோம். வேண்டாம். ‘த பால் ஹிட் த விண்டோ.’ ‘த கார் ஹிட் எ ட்ரீ.’ நடுவில் ஒன்றும் கிடையாது. நடுவில் ‘அட்’ வந்தால் பொருளே மாறும்: ‘ஹி ஹிட் அட் த பால்’ என்றால் பந்தைக் குறிவைத்து மட்டையை வீசினான், பட்டதா என்பது தெரியாது.

‘வித்’ எதைக்கொண்டு அடித்தோம் என்பதற்கு. ‘ஷி ஹிட் த ஸ்நேக் வித் எ ஸ்டிக்’ என்றால் கம்பால் அடித்தாள். ‘ஐ ஹிட் வித் எ டேபிள்’ என்று சொன்னால், மேசையைத் தூக்கி யாரையோ அடித்த மாதிரி ஆகிவிடும்.

நம் ஊரில் ‘பஸ் டேஷ் பண்ணிட்டது’ என்று சொல்கிறோம் அல்லவா? ‘டேஷ்’ அந்தப் பொருளில் நம் பக்கத்தைத் தாண்டினால் செல்லாது. அவர்களுக்கு ‘டேஷ்’ என்றால் விறுவிறுவென்று ஓடுவது. ‘ஹிட்’ அல்லது ‘ரேன் இன்டு’ என்று சொல்லிப் பழகுங்கள்.

படி 4: உடம்பில் பட்டால்

தமிழில் ‘அவன் என் தலையில் அடித்தான்’. ஆங்கிலத்தில் ஆளை முதலில் சொல்லி, இடத்தை அப்புறம் சொல்வது வழக்கம்: ‘ஹி ஹிட் மீ ஆன் த ஹெட்.’ ‘மை ஹெட்’ அல்ல, ‘த ஹெட்’. தலை, மூக்கு, தோள், முட்டி இவற்றுக்குப் பெரும்பாலும் ‘ஆன்’. முகம், கண், வயிறு, நெஞ்சு இவற்றுக்கு ‘இன்’: ‘த பால் ஹிட் ஹிம் இன் த ஃபேஸ்.’

‘ஐ ஹிட் மை ஹெட்’ என்பதைப் பார்த்துப் பலர் குழம்புகிறார்கள். ‘நான் என் தலையில் அடித்துக்கொண்டேன்’ என்று புரிந்துகொள்கிறார்கள். நாம் தலையில் அடித்துக்கொள்வது சலிப்பில். ஆங்கிலத்தில் இது ‘தலை இடித்துக்கொண்டது’, அவ்வளவுதான். எதில் இடித்தது என்பதற்கு மட்டும் ‘ஆன்’ வரும்: ‘ஐ ஹிட் மை ஹெட் ஆன் த டோர்.’

இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், கீழே விழுந்து மருத்துவரிடம் போகிறவரிடம் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று ‘டிட் யூ ஹிட் யுவர் ஹெட்?’ தலையில் அடிபட்டதா என்று கேட்கிறார்கள். ‘நான் ஏன் என் தலையை அடிக்கப் போகிறேன்’ என்று நினைத்து ‘நோ’ என்று சொல்லிவிட்டால், எடுக்க வேண்டிய ஸ்கேன் எடுக்காமல் போகலாம். வெளிநாட்டில் கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிறவர்கள் இந்த ஒரு கேள்வியையாவது காதில் ஏற்றிக்கொண்டு போங்கள்.

படி 5: ‘ஹிட்’டின் பங்காளிகள்

‘ஹிட்’ ஒரு தடவை படுவது. ‘பீட்’ திரும்பத் திரும்ப அடிப்பது. ஓர் அறை வாங்கியதை ‘ஹி பெட் மீ’ என்றோ ‘பீட்டட்’ என்றோ சொல்லாதீர்கள். இறந்தகாலமும் ‘பீட்’தான், முற்றுவடிவம் ‘பீட்டன்’. ‘ஹி பீட் மீ’ என்றால் புரட்டி எடுத்தான், அல்லது போட்டியில் என்னைத் தோற்கடித்தான். இதயம் துடிப்பதும், முட்டையைக் கிண்ணத்தில் அடிப்பதும், மேளம் கொட்டுவதும் ‘பீட்’. எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப நடப்பது இருக்கிறது, கவனியுங்கள்.

‘ஸ்ட்ரைக்’ கொஞ்சம் மிடுக்கான சொல், இறந்தகாலம் ‘ஸ்ட்ரக்’. மின்னல் தாக்குவது, கடிகாரம் மணி அடிப்பது, தீக்குச்சி கிழிப்பது எல்லாம் இது. ‘இட் ஸ்ட்ரக் மீ’ என்றாலும் எனக்குத் தோன்றியது என்றுதான் பொருள். ‘இட் ஹிட் மீ’யில் அதிர்ச்சி சற்று அதிகம். வேலைநிறுத்தத்துக்கு ‘ஸ்ட்ரைக்’ என்ற பெயர் வந்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 1768இல் லண்டன் துறைமுகத்தில் மாலுமிகள் கூலிக்காகப் போராடியபோது கப்பல்களின் பாய்களை இறக்கிவிட்டார்கள். பாயை இறக்குவதற்குக் கப்பல்காரர்களின் சொல் ‘ஸ்ட்ரைக்’. பாய் இறங்கியது, கப்பல் நின்றது, சொல் நிலைத்துவிட்டது.

மற்றவற்றை வேகமாகப் பார்த்துவிடலாம். அறைவது ‘ஸ்லாப்’, முஷ்டியால் குத்துவது ‘பஞ்ச்’, உதைப்பது ‘கிக்’, கதவைத் தட்டுவது ‘நாக்’, தோளில் லேசாகத் தட்டுவது ‘டேப்’. நாம் தலையில் வைக்கும் குட்டுக்கு ஆங்கிலத்தில் நேரான ஒற்றைச் சொல் இல்லை. விரல் முட்டியால் தலையில் தட்டினார் என்று விளக்கித்தான் சொல்ல வேண்டும்.

படி 6: நம்முடைய ‘அடி’யெல்லாம் ‘ஹிட்’ ஆகாது

தமிழில் ‘அடி’ செய்யாத வேலை இல்லை. சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறோம், பயிருக்கு மருந்து அடிக்கிறோம், டயருக்குக் காற்று அடிக்கிறோம், கண் அடிக்கிறோம், விசில் அடிக்கிறோம், மொட்டை அடிக்கிறோம், நீச்சல் அடிக்கிறோம், அரட்டை அடிக்கிறோம், பரீட்சையில் காப்பி அடிக்கிறோம். வெயில் அடிக்கிறது, காற்று அடிக்கிறது, வாடை அடிக்கிறது, காய்ச்சல் அடிக்கிறது, ஷாக் அடிக்கிறது. இந்தச் செல்வத்தை நினைத்தால் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆங்கிலத்துக்குப் போகும்போது இதை வாசலிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும்.

அங்கே ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி ஆள். பெயிண்ட் அடிப்பது ‘பெயிண்ட்’ என்ற வினையே: ‘ஐ பெயிண்டட் த வால்.’ மருந்து அடிப்பது ‘ஸ்ப்ரே’. டயருக்குக் காற்று அடிப்பது ‘பம்ப்’. கண் அடிப்பது ‘விங்க்’. மொட்டை அடிப்பது ‘ஷேவ்’. போஸ்டர் அடிப்பது ‘பிரிண்ட்’. ரப்பர் முத்திரை அடிப்பது ‘ஸ்டாம்ப்’. மணி அடிப்பது ‘ரிங்’. ஆணி அடிப்பதில்கூட ‘ஹிட்’ முழுதாக வராது. ஆணியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினால் ‘ஹிட் த நெயில்’. ஆணியைச் சுவரில் இறக்குவது ‘ஹேமர்’ அல்லது ‘டிரைவ்’.

ஷாக் அடிப்பதை நம் எலக்ட்ரீஷியன் தம்பிகள் ‘கரண்ட் ஹிட் மீ’ என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்கள் சொல்ல வேண்டியது ‘ஐ காட் எ ஷாக்.’ காய்ச்சல் அடித்தால் ‘ஐ ஹேவ் எ ஃபீவர்.’ காற்று அடித்தால் ‘த விண்ட் இஸ் ப்ளோயிங்.’ வாடை அடித்தால் ‘இட் ஸ்மெல்ஸ்.’ வெயில் சுள்ளென்று அடித்தால் ‘த சன் இஸ் பீட்டிங் டவுன்’ என்று சொல்லலாம். அங்கேயும் ‘பீட்’தான், ‘ஹிட்’ அல்ல. நாள் முழுக்க விடாமல் அடிக்கிறதே!

இரண்டு மொழியும் கைகோக்கும் இடங்களும் உண்டு. கிரிக்கெட்டில் சிக்ஸர் அடிப்பது ‘ஹிட் எ சிக்ஸ்’. கால்பந்தில் கோல் அடிப்பது அப்படியல்ல, ‘ஸ்கோர் எ கோல்’. கம்ப்யூட்டரில் என்டர் அடிப்பது ‘ஹிட் என்டர்’. பெரிய பரிசு அடித்தால் ‘ஹிட் த ஜாக்பாட்’. தண்ணி அடிப்பதற்குக்கூட ‘ஹிட் த பாட்டில்’ என்று ஒன்று இருக்கிறது. ஆனால் அது கவலையிலோ பழக்கத்திலோ பாட்டிலே கதி என்று ஆகிவிடுவதைச் சொல்வது. நண்பரின் கல்யாணத்தில் ஒரு கோப்பை குடித்தவரைப் பற்றி அப்படிச் சொல்லிவிடாதீர்கள்.

படி 7: கையே இல்லாத ‘ஹிட்’

ஆங்கிலச் செய்தி படிக்க ஆரம்பித்தால் இந்த வகைதான் அதிகம் எதிர்ப்படும். புயல், வெள்ளம், நிலநடுக்கம், நோய், விலைவாசி எல்லாம் ‘ஹிட்’ செய்யும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. இதை ஆங்கிலத்தில் ‘கஜா ஹிட் த கோஸ்ட்’ என்று சொல்லலாம். வானிலைத் துறையின் சொல் ‘மேட் லேண்ட்ஃபால்’. அதில் மிகவும் பாதிக்கப்பட்ட நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை போன்ற மாவட்டங்களைச் சொல்ல ‘வர்ஸ்ட் ஹிட் டிஸ்ட்ரிக்ட்ஸ்’. இப்படி வரும்போது ‘ஹிட்’ என்றால் பாதிக்கப்பட்ட. ‘டிராட் ஹிட்’ என்றால் வறட்சி பாதித்த. இந்த வகையில் மட்டும், இடி வாங்கியவரைச் சொல்லாமலே வாக்கியம் முடியலாம்: ‘த ஸ்டார்ம் ஹிட் அட் மிட்நைட்.’

எண்கள் வந்தால் தொடுதல். ‘த டெம்பரேச்சர் ஹிட் ஃபார்ட்டி டூ’ என்றால் வெயில் 42 டிகிரியைத் தொட்டது. தங்கம் விலை ‘ஹிட் எ ரெக்கார்ட் ஹை’ என்றால் இதுவரை இல்லாத உச்சம். அலுவலகத்தில் ‘வி ஹிட் த டார்கெட்’ என்றால் இலக்கை எட்டிவிட்டோம். ‘வி ஹிட் எ ஸ்நாக்’ என்றால் ஒரு சிக்கல் குறுக்கே வந்துவிட்டது. ‘சேல்ஸ் டுக் எ ஹிட்’ என்றால் விற்பனை அடிவாங்கியது. பாருங்கள், இங்கே நம் ‘அடி’யும் வந்து சேர்ந்துகொள்கிறது.

அரசியல் செய்தியில் ‘ஹிட் அவுட் அட்’ என்றால் கடுமையாகச் சாடினார். ‘ஹிட் பேக்’ என்றால் பதிலடி கொடுத்தார். இரண்டும் வாயால்தான், கைகலப்பு என்று நினைக்க வேண்டாம். ‘வாஸ் ஹிட் வித் எ ஃபைன்’ என்றால் அபராதம் விதித்தார்கள்.

‘ஹிட் அண்ட் ரன்’ என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று தெரிந்துகொள்ளுங்கள். மோதிவிட்டு நிற்காமல் ஓடிவிடுவது என்பது பொதுப்பொருள். நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 161ஆவது பிரிவில் அதற்கு இன்னும் குறுகிய பொருள் உண்டு: எவ்வளவு முயன்றும் மோதிய வாகனம் எது என்று கண்டுபிடிக்க முடியாத விபத்து. தமிழ்ச் செய்திகளில் ‘அடையாளம் தெரியாத வாகனம் மோதி’ என்று வருகிறதே, அதுதான். அப்படிப்பட்ட விபத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாயும், பலத்த காயம் அடைந்தவருக்கு 50,000 ரூபாயும் இழப்பீடு தரும் திட்டம் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ‘வண்டி நம்பர் தெரியாதே, யாரிடம் கேட்பது’ என்று விட்டுவிடுகிற குடும்பங்கள் இந்த ஆங்கிலச் சொல்லைத் தெரிந்துவைத்திருந்தால் எந்தப் படிவத்தைக் கேட்பது என்றாவது தெரியும்.

படி 8: கூட்டாக வரும் சொற்கள்

இவற்றை மொத்தமாக மனப்பாடம் செய்ய வேண்டாம். வாரத்துக்கு மூன்று எடுத்துக்கொண்டு பேச்சில் பயன்படுத்துங்கள்.

முதலில், ‘ஹிட் த’ என்று சொல்லி ஓர் இடத்தையோ பொருளையோ சேர்ப்பது. ‘ஹிட் த ரோட்’ கிளம்பு, ‘ஹிட் த ஜிம்’ ஜிம்முக்குப் போ, ‘ஹிட் த புக்ஸ்’ படிக்க உட்கார், ‘ஹிட் த பிரேக்ஸ்’ பிரேக் போடு. ‘ஹிட் த ஹே’, ‘ஹிட் த சேக்’ இரண்டும் படுக்கப் போவது. ஒன்றில் வைக்கோல், இன்னொன்றில் சாக்கு. மெத்தையின் பழைய உருவம் அது. நாம் ‘போய்க் கட்டையைச் சாய்க்கிறேன்’ என்கிற மாதிரி. நண்பர்களிடம் சொல்லுங்கள், மேலதிகாரிக்கு எழுதும் மின்னஞ்சலில் வேண்டாம்.

‘ஹிட் த ரூஃப்’ என்றால் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். ‘ஹிட் த நெயில் ஆன் த ஹெட்’ என்றால் கச்சிதமாகச் சொன்னீர்கள். ‘ஹிட் ஹோம்’ மனதில் தைத்தது. ‘ஹிட் ஆர் மிஸ்’ என்றால் பட்டால் பட்டது, இல்லையென்றால் இல்லை. ‘ஹிட் பிலோ த பெல்ட்’ குத்துச்சண்டையிலிருந்து வந்தது. இடுப்புப் பட்டைக்குக் கீழே குத்துவது அங்கே விதிமீறல், அதனால் முறையில்லாமல் தாக்குவது. ‘ஹிட் த வால்’ மாரத்தான் ஓடுகிறவர்கள் சொல்வது: 42.195 கிலோமீட்டரில் முப்பதாவது கிலோமீட்டர் வாக்கில் உடம்பில் சேமித்த மாவுச்சத்து தீர்ந்து, கால் நகர மறுக்கும் நிலை.

எனக்கு மிகவும் பிடித்தது ‘ஹிட் இட் ஆஃப்’. முதல் சந்திப்பிலேயே இரண்டு பேருக்கு ஒத்துப்போய்விடுவது. ‘வி ஹிட் இட் ஆஃப் ரைட் அவே.’ நடுவில் இருக்கும் ‘இட்’ எதைக் குறிக்கிறது என்று தேடாதீர்கள், அது எதையும் குறிக்கவில்லை.

படி 9: கால் இடறும் இடங்கள்

‘ஹிட் ஆன் அன் ஐடியா’ நல்ல பேச்சு. ‘ஹிட் ஆன் எ பெர்சன்’ அப்படியல்ல. ஒருவரிடம் காதல் நோக்கத்தோடு பேச்சுக்கொடுப்பது, வழிவது. அலுவலகத்தில் ‘ஹி ஹிட் ஆன் ஹர்’ என்று சொன்னால் அது புகார். தோளில் இடித்துவிட்டான் என்ற பொருளில் இதைச் சொல்லி ஒருவரை வம்பில் மாட்டிவிடக் கூடாது. அந்த ‘ஆன்’ வேண்டவே வேண்டாம்.

‘ஹிட் மேன்’ அடியாள் இல்லை. கூலிக்குக் கொலை செய்கிறவன். ‘ஹிட் லிஸ்ட்’ அவன் கையில் இருக்கும் பட்டியல்.

சினிமாவில் ‘படம் ஹிட்’ என்கிறோம். ஆங்கிலத்தில் ‘த ஃபிலிம் வாஸ் எ ஹிட்’ என்று நடுவில் ‘எ’ கட்டாயம். அந்த ஒற்றை எழுத்தை விட்டுவிட்டு ‘த ஃபிலிம் வாஸ் ஹிட்’ என்றால் படம் எதனாலோ பாதிக்கப்பட்டது என்றாகி, செய்தி தலைகீழாகிவிடும்.

படி 10: கையில் பேனா எடுங்கள்

கீழே இருப்பவற்றை விடையைப் பார்க்காமல் ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். சுவரில் ஆணி அடித்தேன். பந்து என் கண்ணில் பட்டது. கட்டிலில் கால் இடித்துக்கொண்டேன். எனக்கு ஷாக் அடித்தது. நேற்று வெயில் 40 டிகிரியைத் தொட்டது. என் பைக்கை லாரி இடித்தது.

எழுதியாயிற்றா? சரி, ஒப்பிட்டுப் பாருங்கள். ‘ஐ ஹேமர்ட் எ நெயில் இன்டு த வால்.’ ‘த பால் ஹிட் மீ இன் தி ஐ.’ ‘ஐ ஹிட் மை லெக் ஆன் த பெட்.’ ‘ஐ காட் எ ஷாக்.’ ‘த டெம்பரேச்சர் ஹிட் ஃபார்ட்டி எஸ்டர்டே.’ கடைசி வாக்கியத்துக்கு ‘எ லாரி ஹிட் மை பைக்’. அமெரிக்காக்காரர்களிடம் என்றால் ‘எ ட்ரக்’. பின்னாலிருந்து வந்து இடித்ததென்றால் கடைசியில் ‘ஃப்ரம் பிஹைண்ட்’ என்று சேர்க்க மறக்காதீர்கள்.